25 ஆண்டுச் சரக்கை ஒரே நாளில் வாங்கலாமா?



துவரம்பருப்பு மூட்டை வந்து இறங்கினால் நாம் என்ன செய்கிறோம்? குத்தூசி போட்டு ஒரு கை பருப்பை எடுத்து, உள்ளங்கையில் பரப்பி, ஈரம் இருக்கிறதா, வண்டு இருக்கிறதா என்று பார்க்கிறோம். தராசில் ஏற்றி நிறுக்கிறோம். பில்லில் போட்ட எடைக்கும் நின்ற எடைக்கும் அரைக் கிலோ வித்தியாசம் என்றாலும் மண்டிக்குப் போன் போட்டுக் கேட்கிறோம். அதற்கு மேல் பத்து நாள் தவணையும் கேட்கிறோம். இத்தனையும் 6,000, 7,000 ரூபாய்ச் சரக்குக்கு.

அதே வியாபாரி ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஏ.சி. போட்ட ஓட்டல் அறையில் உட்கார்ந்து, 3 இலட்சம் ரூபாய்க்கு ஒரு சரக்கை வாங்கி வருகிறார். சரக்கைக் கண்ணால் பார்த்ததில்லை. எடை தெரியாது. எந்த மாதம் கிடைக்கும் என்பதும் தெரியாது. தவணை கேட்பதற்குப் பதிலாக 25 ஆண்டுக்கான பணத்தை முன்னதாகவே கொடுத்துவிட்டு வருகிறார். அந்தச் சரக்கின் பெயர் டைம்ஷேர். அதாவது, கடற்கரையிலோ மலையிலோ உள்ள விடுதியில் ஆண்டுக்கு ஒரு வாரம் தங்கும் உரிமை.

இந்த முறை புதிதல்ல. 1960களில் ஃபிரான்ஸ் நாட்டின் ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் தொடங்கியது. ஓர் ஊரில் உள்ள உரிமையைக் கொடுத்து வேறு ஊரில் தங்க வழி செய்யும் பரிமாற்ற நிறுவனமான ஆர்.சி.ஐ. 1974ல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. நம் நாட்டுக்கு 1980களில் வந்து சேர்ந்தது. சம்பளக்காரர்களிடம் தொடங்கிய இந்த விற்பனை, இன்று மளிகைக் கடைக்காரர் வரை வந்துவிட்டது. ஆகவே நம் சங்க ஏட்டில் இதைப் பேசுவது பொருத்தம் என்று கருதுகிறேன்.

விற்கும் விதம்

பெட்ரோல் பங்கிலோ பொருட்காட்சியிலோ ஒரு பெட்டி வைத்திருப்பார்கள். பெயரும் போன் நம்பரும் எழுதிப் போட்டால் குலுக்கலில் பரிசு. பத்து நாளில் போன் வரும். "உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது. நேரில் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். கணவன், மனைவி இருவரும் வர வேண்டும். விருந்தும் உண்டு."

இருவரும் ஏன் வர வேண்டும்? "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று நாம் தப்பிக்க வழி இருக்கக் கூடாது என்பதற்காக. இரண்டு மூன்று மணி நேரம் பேசுவார்கள். "அண்ணாச்சி, காலை ஆறு மணிக்குக் கடை திறந்தால் இராத்திரி பத்தரைக்குத்தான் வீட்டுக்குப் போகிறீர்கள். அக்காவைக் கடைசியாக எப்போது வெளியூர் கூட்டிப் போனீர்கள்?" என்று அந்தப் பிள்ளை கேட்கும்போது நம்மிடம் பதில் இருக்காது. பக்கத்தில் வீட்டுக்காரி உட்கார்ந்திருப்பாள். அந்த மௌனத்தில்தான் வியாபாரம் முடிகிறது. "இந்த விலை இன்று மட்டும்" என்பார்கள். நாளைக்கும் அதே விலைதான் என்பது, ஆடித் தள்ளுபடிக்குப் போர்டு எழுதி மாட்டும் நமக்குத் தெரியாததா?

ஆனாலும் அந்தக் கேள்வி பொய்யல்ல. ஓய்வு நமக்குத் தேவைதான். அதற்கு இந்தச் சரக்கு சரியான மருந்தா என்பதே நாம் பார்க்க வேண்டியது.

நேரில் கண்டது

என் மனைவியின் தம்பி இப்படி ஒரு நிறுவனத்தில் உறுப்பினர். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். இந்தத் தொழிலில் எல்லாரும் ஏறத்தாழ இதே முறையைத்தான் வைத்திருக்கிறார்கள். ஆண்டை நிறம் நிறமாகப் பிரித்திருக்கிறார்கள். பள்ளி விடுமுறை, கிறிஸ்துமஸ், தீபாவளி நாட்கள் விலை உயர்ந்த நிறம். மழைக்காலம் மலிவான நிறம். மைத்துனர் வாங்கியிருப்பது மலிவான நிறம்.

அவர் மே மாதத்துக்குக் கேட்டார். அந்த நிறத்துக்கு மே கிடையாது என்றார்கள். பூஜை விடுமுறைக்குக் கேட்டார். அறை இல்லை என்றார்கள். கடைசியில் 2024 ஜூலையில், ஆடி பிறந்த பிறகு, தென் கோவா கடற்கரையில் ஒரு விடுதியில் 5 இரவு கிடைத்தது. "அத்தான், ஆடியில் முகூர்த்தம் இல்லை. கல்யாணச் சாமான் லிஸ்டும் வராது. கடையைத் தம்பி பார்த்துக்கொள்வான். நீங்களும் அக்காவும் எங்களோடு வாங்க" என்றார். அவர் பிள்ளைகள் இருவருக்கும் பள்ளியில் லீவு எழுதிக் கொடுத்து, ஆறு பேராகப் புறப்பட்டோம். கொங்கண் இரயில் பாதையில் மழைக்காலத்துக்குத் தனி அட்டவணை. மண் சரிவுக்குப் பயந்து வண்டிகளை வேகம் குறைத்தே ஓட்டுவார்கள்.

போய்ச் சேர்ந்தால் கடல் இருந்தது, இறங்கத்தான் முடியவில்லை. கோவாவில் ஜூன் முதல் செப்டம்பர் வரை கடல் கொந்தளிப்பாக இருக்கும். கரையில் சிவப்புக் கொடி நட்டு, உயிர்காக்கும் காவலர்கள் விசில் ஊதித் திருப்பி அனுப்புவார்கள். கரையோரச் சிற்றுண்டிக் குடில்களையும் மழைக்கு முன்பே பிரித்துவிடுவார்கள். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. ஆகவே கோவா மீன் குழம்பு என்று ஆசைப்பட்ட மைத்துனருக்கு ஐஸில் வைத்த மீன்தான் கிடைத்தது.

விளக்கப் புத்தகத்தில் இருந்த அறை கடலைப் பார்த்தது. எங்களுக்குக் கொடுத்த அறை ஜெனரேட்டர் ஷெட்டைப் பார்த்தது. சுவரில் ஈரம் ஊறிப் பூஞ்சணம் பிடித்திருந்தது. கடையில் அப்படி ஒரு சுவர் இருந்தால் அந்தப் பக்கம் சர்க்கரை மூட்டையை அடுக்கமாட்டோம். ஓர் அறைக்கு நான்கு பேர்தான் கணக்கு என்று எனக்கும் என் மனைவிக்கும் இரவுக்கு இவ்வளவு என்று தனியாகப் போட்டார்கள். அறைக்குள் சமையல் மேடை இருந்தது. பாத்திரத்துக்கு வாடகை கேட்டார்கள். நீச்சல் குளம் இரண்டு நாள் மூடியிருந்தது. வெளியே போய்ச் சாப்பிடலாம் என்றால் மழையில் ஆட்டோ கிடைப்பது அரிது. ஆகவே மூன்று வேளையும் விடுதிச் சாப்பாடுதான்.

ஒரு மளிகைக்காரன் கண்ணில் பட்டதை மட்டும் சொல்லிவிடுகிறேன். எம்.ஆர்.பி. 20 ரூபாய் அச்சிட்ட தண்ணீர் பாட்டிலுக்கு அங்கே 60 ரூபாய். நாம் ஒரு ரூபாய் கூடுதலாக வாங்கினால் எடையளவுத் துறையிலிருந்து வந்து அபராதம் போடுவார்கள். ஓட்டல்களும் உணவகங்களும் எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கலாம், அவர்கள் கொடுப்பது வெறும் பாட்டில் அல்ல, இடமும் சேவையும் சேர்ந்தது என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆகவே சட்டப்படி தவறில்லை. ஆனால் தங்குவதற்குத்தான் முன்பே பணம் கட்டியாயிற்றே என்று நினைத்துப் போகிறவருக்கு, உள்ளே ஒவ்வொன்றும் தனிக் கணக்கு என்பது அங்கே போனபின்தான் தெரியும்.

வேலையாட்களைக் குறை சொல்ல மாட்டேன். அறை சுத்தம் செய்த அம்மா, என் மனைவிக்குக் காய்ச்சல் என்றதும் கேட்காமலே கஞ்சி வைத்துக் கொண்டுவந்தார். மைத்துனர் மேலாளரிடம் போய்ச் சண்டை போட்டார். அவர் கோபப்படவில்லை. ஒப்பந்தத்தை எடுத்து, பொடி எழுத்தில் இருந்த வரிகளைக் காட்டினார். இந்த அறைதான் என்று உறுதி இல்லை. பருவத்துக்கேற்ப வசதிகள் மாறலாம். கூடுதல் ஆளுக்குக் கட்டணம் உண்டு. எல்லாவற்றின் கீழும் மைத்துனரின் கையெழுத்து.

மூன்றாம் நாள் விடுதியிலேயே அவரைக் காபிக்கு அழைத்தார்கள். உங்கள் குறையெல்லாம் தீர ஒரு வழி இருக்கிறது, இன்னும் ஒன்றரை இலட்சம் கட்டினால் உயர்ந்த நிறத்துக்கு மாற்றித் தருகிறோம் என்றார்கள். வண்டு விழுந்த பருப்பைக் கொடுத்துவிட்டு, கூடுதல் பணம் தந்தால் நல்ல பருப்பு தருகிறோம் என்று மண்டிக்காரர் சொன்னால் நாம் என்ன சொல்லுவோம்?

ஏன் கிடைக்கவில்லை?

இதில் ஆட்களின் நல்ல குணம், கெட்ட குணம் என்பதைவிடக் கணக்கு முக்கியம். ஒரு விடுதியில் 100 அறை என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 52 வாரம். பழுது பார்க்க இரண்டு வாரம் போனால் 50 வாரம். ஆக 5,000 குடும்பங்களுக்கு ஆளுக்கு ஒரு வாரம் விற்கலாம். ஆனால் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் எல்லாம் கேட்பது மே மாதம், தீபாவளி, காலாண்டு, அரையாண்டு விடுமுறை. இவையெல்லாம் சேர்த்து ஏறத்தாழ 10 வாரம். அதில் இடம் 1,000 குடும்பங்களுக்கே. மீதி 4,000 பேரும் மழையையோ பள்ளி நாட்களையோ ஏற்றுக்கொண்டாக வேண்டும். நிறுவனம் எவ்வளவு நேர்மையாக நடந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

நமக்கு இது இன்னும் சிக்கல். பண்டிகை வந்தால் மற்றவர்களுக்கு விடுமுறை. நமக்கு அப்போதுதான் வியாபாரம். அரசு அலுவலர் மூன்று மாதம் முன்னதாக லீவு எழுதிக் கொடுக்கலாம். மாமனார் வீட்டுக் கல்யாணத்துக்கே முதல் நாள் இரவு கடை அடைத்துவிட்டுப் போகிற நாம், மூன்று மாதம் முன்னதாக எந்த வாரத்தைக் குறிப்பது?

விலையையும் நம் முறையில் போட்டுப் பார்ப்போம். 3 இலட்சம் ரூபாய், 25 ஆண்டு, ஆண்டுக்கு 7 இரவு என்பதை உதாரணமாகக் கொள்வோம். விற்பவர் கணக்கு: 3 இலட்சத்தை 25ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 12,000. அதை 7ஆல் வகுத்தால் இரவுக்கு ஏறத்தாழ 1,700 ரூபாய். கேட்க மலிவாக இருக்கும்.

வியாபாரி கணக்கு வேறு. முடங்கிய முதலுக்கு மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றாலும் ஆண்டுக்கு 36,000. பராமரிப்புக் கட்டணம் 15,000 என்று வைத்தால், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 17,700. மொத்தம் 53,700. ஏழு இரவுக்கு வகுத்தால் இரவுக்கு 7,670 ரூபாய். 25 ஆண்டு முடிவில் முதலும் திரும்ப வராது. அதையும் சேர்த்தால் இரவுக்கு 8,000 ஆகிவிடும். வேலை நெருக்கடியில் நான்கு இரவே தங்கினால், முதலை விட்டுக் கணக்கிட்டாலும், இரவுக்கு 13,000 ரூபாய்க்கு மேல். சாப்பாடு இதில் சேராது. வட்டியை 7 சதவீதமாகக் குறைத்து, வங்கியில் போட்டிருந்தால் என்று பார்த்தாலும் இரவுக்கு 5,500 ரூபாய்க்குக் குறையவில்லை. அந்தப் பணத்துக்கு மழைக்காலத்தில் கோவாவில் யார் வேண்டுமானாலும் நேரில் போய், அறையைப் பார்த்து, பிடித்தால் தங்கலாம். பிடிக்காவிட்டால் அடுத்த விடுதிக்குப் போகலாம்.

பராமரிப்புக் கட்டணம் பற்றி இன்னொரு சொல். போனாலும் போகாவிட்டாலும் அதைக் கட்ட வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு ஏறும். பாக்கி வைத்தால் அறை பதிவு செய்ய முடியாது. விற்றுவிடலாம் என்றால், வாங்கின விலையில் பாதிக்குக்கூட ஆள் வருவதில்லை. நம் கடை முதல் ஒரு மாதத்தில் சுற்றி வந்துவிடும். இது 25 ஆண்டு ஓரிடத்தில் நிற்கும்.

எல்லாருக்கும் இது ஆகாது என்று சொல்லவில்லை. ஓய்வு பெற்றவர்கள், எந்த மாதமும் புறப்படக் கூடியவர்கள், மழையை விரும்புகிறவர்கள் ஆண்டு தவறாமல் பயன்படுத்தி மகிழ்ச்சியாகவும் இருக்கிறார்கள். கடை வைத்திருப்பவருக்குப் பொருந்துமா என்பதே என் கேள்வி.

சட்டம் என்ன சொல்கிறது?

ஐரோப்பிய நாடுகளில் இந்த விற்பனையால் தொல்லை பெருகியபோது 1994லேயே விதி செய்தார்கள். கையெழுத்துப் போட்ட 10 நாளுக்குள் காரணம் சொல்லாமல் விலகலாம். அந்த நாட்களில் விற்பவர் முன்பணம் வாங்கக் கூடாது. 2008ல் அதை 14 நாளாக்கினார்கள். நம் நாட்டில் டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் இல்லை. சில நிறுவனங்கள் தாமாகவே ஒப்பந்தத்தில் சில நாள் அவகாசம் எழுதுகின்றன. எத்தனை நாள் என்பதைக் கையெழுத்துப் போடும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மற்றபடி நமக்கு உள்ளது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 2020 ஜூலையில் இது நடைமுறைக்கு வந்தது. நிறுவனத்தின் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த பணம் 5 இலட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். ஆலோசனைக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் உண்டு. ஒன்று கவனிக்க வேண்டும்: கடையின் பெயரில் வாங்கிக் கணக்கில் செலவு எழுதினால், இது வணிக நோக்கம், இவர் நுகர்வோரே அல்ல என்று எதிர்த்தரப்பு வாதிட இடம் உண்டாகும்.

இன்னும் ஓர் எச்சரிக்கை. தங்காவிட்டால் வட்டி போலப் பெருகிப் பணமாகத் திரும்பி வரும் என்று யாராவது சொன்னால், அது டைம்ஷேரே அல்ல. பான்கார்டு கிளப்ஸ் என்ற நிறுவனம் விடுதி அறை இரவுகள் என்ற பெயரில் 50 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் 7,000 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டியது. இது அனுமதியற்ற கூட்டு முதலீட்டுத் திட்டம் என்று செபி 2014ல் தடை விதித்து, 2016ல் பணத்தைத் திருப்பித் தர உத்தரவிட்டது. உத்தரவு வந்தும் பணம் எளிதில் வரவில்லை.

நம் கடைப் பக்கமும் பார்ப்போம்

இவ்வளவும் மற்றவர் தொழிலைப் பற்றிச் சொன்னேன். நம்மிலும் பலர் முன்பணம் வாங்குகிறோம். தீபாவளிச் சீட்டு என்று மாதம் 300, 500 ரூபாய் வாங்கி, பண்டிகைக்கு எண்ணெய், மாவு, சர்க்கரை, பட்டாசு கொடுக்கிறோம். அதைக் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் தெருவில் உள்ள பெண்கள், கூலி வேலை செய்பவர்கள்.

அவர்களுக்கு நாம் எந்த எண்ணெய் கொடுக்கிறோம்? அட்டையில் எழுதிய பிராண்டா, கிடங்கில் விற்காமல் நின்றதா? கடைசி மாதத்தில் விலை ஏறிவிட்டது என்று கால் கிலோ குறைக்கிறோமா? ஒரு மாதம் கட்டத் தவறியவருக்கு மொத்தத்தையும் மறுக்கிறோமா? அப்படிச் செய்தால், கடல் காட்டி ஜெனரேட்டர் ஷெட் கொடுத்தவருக்கும் நமக்கும் என்ன வேறுபாடு? முன்பணம் நம் கல்லாவில் இருந்தாலும் நம் பணம் அல்ல. சரக்கு போய்ச் சேரும் வரை அது கடன். அதைப் பேரேட்டில் வரவாக எழுதி வேறு சரக்கில் போட்டுவிட்டு, ஐப்பசியில் கையைப் பிசைந்த கடைகளை நாம் பார்த்திருக்கிறோம். அட்டையில் பொருளின் பெயர், அளவு, கொடுக்கும் தேதி மூன்றையும் பெரிய எழுத்தில் அச்சிடுவோம். பொடி எழுத்து நமக்கு வேண்டாம்.

ஓய்வுக்கு வழி

ஓய்வு வேண்டாம் என்று யாரும் இதைப் படித்து முடிவு செய்துவிட வேண்டாம். வீட்டுக்காரி பெயரில் அஞ்சலகத்தில் மாதம் 1,500 ரூபாய்க்குத் தொடர் வைப்பு போடுங்கள். உங்கள் கடைக்கு வேலை குறைந்த வாரம் எது என்று பழைய கணக்கு நோட்டைப் பார்த்தாலே தெரியும். அந்த வாரத்தில் எந்தக் கடல் அமைதியாக இருக்கும் என்று விசாரித்து, அந்த ஊருக்குப் போங்கள். கன்னியாகுமரியிலும் இராமேசுவரத்திலும் மாமல்லபுரத்திலும் அரசின் ஓட்டல் தமிழ்நாடு இருக்கிறது. தனியார் விடுதிகளும் இருக்கின்றன. இரண்டு இரவு போதும். பக்கத்துக் கடைக்காரர்கள் நான்கு பேர் சேர்ந்தால், ஒருவர் போகும்போது மற்றவர்கள் அவர் கடைமேல் ஒரு கண் வைத்துக்கொள்ளலாம். இதைச் சங்கமே ஏற்று நடத்தினால் இன்னும் நல்லது. அடுத்த பொதுக்குழுவில் யாராவது இதை முன்மொழிய வேண்டுகிறேன்.

அதற்கிடையில் குலுக்கலில் பரிசு விழுந்ததாகப் போன் வந்தால், ஒன்றே கேளுங்கள்: "தம்பி, சாம்பிள் உண்டா? ஒரு வாரம் தங்கிப் பார்த்துவிட்டுப் பணம் தரலாமா?" பதிலைக் கேட்டபின் முடிவு செய்யுங்கள்.